கண்டி வீதியில் 50இல் ஓடினால் பஸ் தள்ளுகிறது, 70இல் ஓடினால் பயமாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு எது சரியான வேகம்?

மீசாலையான்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு மீசாலையில், வேலை யாழ்ப்பாணம் ரவுணுக்குள். கிழமை நாட்களில் கண்டி வீதி என்கிற ஏ9 வீதியால்தான் போய் வருகிறேன், இடைக்கிடை வேலை விஷயமாகக் கிளிநொச்சிக்கும் போகவேண்டி வரும். இவ்வளவு காலமும் அப்பாவின் 100 சிசி மோட்டார் சைக்கிளில் ஓடினேன். இப்போது பாவித்த பல்சர் 150 ஒன்று வாங்கியிருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். நுணாவில், கைதடி, நாவற்குழிப் பக்கம் நான் 50, 55 என்று இடக்கரையோடு போனால் பின்னால் வரும் மினிபஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து, கைபிடியில் முட்டுமாப்போல உரசிக்கொண்டு முந்துகிறது. இன்னும் கரைக்கு இறங்கலாம் என்றால் அங்கே மணல். சரி என்று 70, 75 பிடித்தால் ஒருவரும் தள்ளுவதில்லை, ஆனால் ஒழுங்கைக்குள்ளால் யாராவது துவிச்சக்கர வண்டியில் திடீரென்று வெளிக்கிட்டால் நிற்பாட்ட முடியுமா என்று நெஞ்சு இடிக்கிறது. கூட வேலை செய்பவர்கள் "வாகனங்களின் ஓட்டத்தோடு ஓடு, மெதுவாகப் போறவன்தான் அடிபடுவான்" என்கிறார்கள். அது உண்மையா? சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு? 100இலிருந்து 150க்கு மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், வாசிக்க நேரம் இருக்கிறது.

எல்போர்ட் மாஸ்ரர்:

தம்பி, நல்ல கேள்வி. லைசென்ஸ் எடுத்த பிறகு இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

முதலில் சட்டம். இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே எல்லைதான். குடிமனைப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70. ஓட்டோவுக்கு 40. வெளிப்பகுதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் உமக்கு உரியதைவிடக் குறைவு, அதனால் 55இல் போகும் உம்மை ஹோர்ன் அடித்து விரட்டுகிறவர் தானே எல்லையை மீறப் பார்க்கிறவர். எங்காவது வட்டப் பலகையில் இலக்கம் போட்டிருந்தால் அந்த இலக்கம்தான் சட்டம், பொது எல்லை அங்கே செல்லாது. எல்லையை எவ்வளவு தாண்டுகிறீரோ அதற்கேற்பத் தண்டப்பணமும் படிபடியாக ஏறும்.

அப்புறம் உம்முடைய பாதையை ஒருக்கால் யோசித்துப் பாரும். மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி ரவுண், நுணாவில், கைதடிச் சந்தி, நாவற்குழி, பிறகு அரியாலையிலிருந்து ரவுண் வரைக்கும் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் கோயிலும்தான். உண்மையாகவே வெளி என்று சொல்லக்கூடியது நாவற்குழிப் பாலத்தை அண்டிய பகுதியும் செம்மணி வெளியும்தான். காப்பெற் போட்ட பிறகு றோட்டு அகலமாகி, வழுவழுப்பாகி, 70இல் போனாலும் 50இல் போவது போலத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுப் படலை இருந்த இடத்திலேதான் இருக்கிறது.

பஸ் உரசுவதற்கு வேகத்தைக் கூட்டுவது மருந்தில்லை, றோட்டில் நீர் ஓடும் இடத்தை மாற்றவேண்டும். நீர் கரையின் வெள்ளைக் கோட்டில் ஓடினால் பின்னால் வருகிறவர், உம்மையும் எதிர்ப்பக்க வாகனத்தையும் ஒரே இடைவெளிக்குள் வைத்து முந்தலாம் என்று நினைப்பார். கார்களின் இடப்பக்கச் சில்லு போகும் தடத்தில் ஓடும். அப்போது உம்மை முந்துவதற்கு அவர் வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும், உமக்கும் இடப்பக்கத்தில் ஒதுங்க ஒரு மீற்றராவது மிஞ்சும். கண்ணாடியில் பஸ் நெருங்குவதைக் கண்டால், எதிரே வெறுமையாக இருக்கும் இடமாகப் பார்த்து அக்சிலேற்றரை மெல்லத் தளர்த்தி, இடது சிக்னல் போட்டு அவரை விட்டுவிடும். மெதுவாகப் போகிறவரை முந்த பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் போதும், 65இல் போகிறவரை முந்த நீண்ட நேரம் எடுக்கும், அவ்வளவு நேரமும் நீர் அதன் பக்கத்தில்தான் இருப்பீர். முந்தி முடிகிற நேரம் பஸ்ஸின் காற்று உம்மை முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கைபிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டாங்கை அணைத்துக்கொண்டால் சைக்கிள் ஆடாது.

எஃப்ஸீக்காரன்:

மாஸ்ரர், மரியாதையோடுதான் சொல்கிறேன், நீங்கள் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. எல்லா வாகனமும் 70, 80இல் போகும் றோட்டில் ஒருவர் மட்டும் 45இல் போனால் அவரைக் கடக்க எல்லாரும் வெளியே எடுக்கவேண்டும், ஒவ்வொரு முந்தலும் ஒரு ஆபத்து. பின்னால் வருகிறவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தால் மெதுவாகப் போகிறவர்தான் அடிபடுவார். நான் கொக்குவிலிலிருந்து வவுனியா வரைக்கும் அடிக்கடி ஓடுகிறவன். முறிகண்டிக்கு அங்கால் 50இல் போய்ப் பாருங்கள், பத்து நிமிசத்தில் எத்தனை லொறி முந்தும் என்று தெரியும். இப்போது வரும் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக், சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் இருக்கிறது, முந்திய காலம் மாதிரி இல்லை. ஓட்டத்தோடு ஓடுவதுதான் பாதுகாப்பு என்பது என்னுடைய கருத்து, கண்மூடித்தனமாக ஓடச் சொல்லவில்லை.

எல்போர்ட் மாஸ்ரர்:

தம்பி எஃப்ஸீ, வேக வித்தியாசம் ஆபத்து என்பது சரியான கதைதான், அதை நான் மறுக்கவில்லை. முறிகண்டிக் காட்டுப் பகுதியில் எல்லை 70, பகலில், காய்ந்த றோட்டில், பார்வை எட்டும் இடத்தில் 65, 70 என்று போவதில் பிழையில்லை. ஆனால் அதே நியாயத்தைக் கைதடிச் சந்திக்குக் கொண்டுவர முடியாது. அங்கே உமக்கு ஆபத்து பின்னால் வருவதில்லை, முன்னுக்குக் குறுக்கே வருவதில் இருக்கிறது. பின்னால் வருகிறவர் நீர் போகும் பக்கத்துக்கே போகிறார், இடித்தாலும் இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இடிப்பார். குறுக்கே வரும் உழவு இயந்திரத்தில் உம்முடைய முழு வேகத்தோடும் போய் மோதுவீர்.

இதைக் கணக்காகவே காட்டுகிறேன், நம்பாவிட்டால் நீங்களே போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 என்றால் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர், 70 என்றால் 19 மீற்றருக்கு மேல். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வைப்போம், அதுவும் முழிப்பாக இருக்கிற ஆளுக்கு. காய்ந்த றோட்டில் நல்ல பிரேக், பழகிய கை. 50இல் வந்தவர் ஏறக்குறைய 30 மீற்றரில் முற்றாக நிற்பார். 70இல் வந்தவருக்கு 50 மீற்றருக்கு மேல் வேண்டும். பயப்பட வேண்டிய இடம் அடுத்தது: 50இல் வந்தவர் நின்ற அதே 30 மீற்றர் இடத்தை 70இல் வந்தவர் கடக்கும்போது அவருடைய வேகம் இன்னும் 57. அந்த இடத்தில் ஒரு மாடு நின்றால் ஒருவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார், மற்றவர் 57இல் அதில் மோதுவார். வேகம் 50இலிருந்து 70க்கு ஏறும்போது மோதலின் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது.

உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும்.

மிச்சம் பிடிக்கும் நேரத்தையும் பாருங்கள். மீசாலையிலிருந்து ரவுணுக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தால், அதில் பாதித் தூரத்தை 50க்குப் பதிலாக 70இல் ஓடி மிச்சம் பிடிப்பது மூன்றரை நிமிசம். அதையும் ரவுண் சிக்னலில் கொடுத்துவிடுவீர்.

கராஜ் வேலை:

மீசாலைத் தம்பி, பாவித்த பல்சர் வாங்கினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த ஆண்டுச் சைக்கிள் என்று எழுதவில்லை. எஃப்ஸீ அண்ணை ஏபிஎஸ் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாச் சைக்கிளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். எங்களுக்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, திரும்பத் திறந்தது 2025இல். அதனால் கையில் மாறி மாறி ஓடுவதில் பெரும்பகுதி 2019க்கு முந்தியவை, ஏபிஎஸ் இல்லாதவை. உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்ப்பது லேசு: சாவி போட்டதும் மீற்றரில் ஏபிஎஸ் லைட் எரிந்து, ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும், முன்சில்லில் டிஸ்க்குக்கு உள்பக்கமாகப் பல்லுப்போன்ற ஓட்டைகளோடு ஒரு சின்ன வளையம் இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சில்லு பூட்டும், சறுக்கும். அதை மனதில் வைத்துத்தான் வேகத்தை முடிவு செய்யவேண்டும்.

100 சிசியில் பழகியவர்களிடம் நான் காணும் பெரிய குறை, முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவது. "முன் பிரேக் பிடித்தால் தலைகீழாகப் போகும்" என்று யாரோ சின்ன வயதில் சொல்லிவிட்டார்கள். நிற்பாட்டும் பலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சில்லில்தான் இருக்கிறது, ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குப் போகிறது. பின் பிரேக் மட்டும் அமத்துகிறவருக்கு மாஸ்ரர் சொன்ன 30 மீற்றர் போதவே போதாது. முன் பிரேக்கை ஒரேயடியாக அடிக்காமல், முதலில் மெல்லப் பிடித்து, முன் சொக் அமரும் வரை ஒரு கணம் விட்டு, பிறகு கூட்டிக்கூட்டி இறுக்கவேண்டும். பின்காலும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். விடிய வெள்ளன வாகனம் இல்லாத நேரான துண்டு ஒன்றில் 30இல் தொடங்கி, கை பழகிய பிறகு 40, 50 என்று செய்துபாருங்கள். மணல் கிடக்கும் இடத்திலும் முடக்கிலும் பழக வேண்டாம்.

ரயர். இதை எல்லோரும் வாசியுங்கள். ரயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. பூ (ரயரின் வரிகள்) தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிக் கல்லாகிவிடும், எங்கள் வெயிலுக்கு இன்னும் கெதியாக. மழையில் அந்த ரயர் பிடிக்காது. வரிகளுக்குள்ளே சின்னச் சின்ன மேடு இருக்கும், ரயர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமானால் அதன் காலம் முடிந்தது. காற்று எவ்வளவு என்று செயின் கவரிலோ புத்தகத்திலோ இருக்கும், ஆள் பின்னுக்கு இருந்தால் பின்சில்லுக்குக் கூடப் போடவேண்டும். பெற்றோல் அடிக்கப் போகும்போது ஒருக்கால் பாருங்கள், அதற்குக் காசும் பெரிதாக வராது. டிஸ்க் ஒயிலை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு லீவர் பஞ்சு மாதிரி அமரும். பாவித்த சைக்கிள் வாங்கினால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. பின் லைட்டுக்குக் கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டுவது, சைட் கண்ணாடியைக் கழற்றுவது. இப்படிக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் திரும்பப் பூட்டிக்கொடுத்துத்தான் அனுப்புகிறேன், சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. பின்னால் வரும் பஸ்ஸைக் காணமுடியாதவர் மாஸ்ரர் சொன்னது எதையும் செய்ய ஏலாது.

மீசாலையான்:

மிக்க நன்றி. 30 மீற்றரில் 57 என்ற கணக்கை அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன், ஒருவரும் பேசவில்லை. என்னுடைய சைக்கிளில் ஏபிஎஸ் இல்லை. முன் பிரேக் பழகத் தொடங்குகிறேன்.

இன்னொரு கேள்வி: சில நாட்களில் வேலை முடிய இரவு எட்டு, ஒன்பது ஆகும். பிந்தினால் அம்மா திரும்பத் திரும்பப் போன் எடுப்பார். இரவுக்கும் அதே 50, 70 தானா?

இரவுக் கடமை:

நான் ஒரு வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். எது என்று எழுதவில்லை, அது தேவையுமில்லை. வேகத்தைப் பற்றி மற்றவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள், நான் ஹெல்மெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஹெல்மெட் போட்டால் தலைக்காய ஆபத்து 69 சதவீதமும், இறக்கும் ஆபத்து 42 சதவீதமும் குறையும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பட்டி பூட்டாத ஹெல்மெட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொலிஸைக் காணும்போது தலையில் வைக்கிற ஹெல்மெட், ஆள் விழுமுன்பே கழன்று போய்விடும். பட்டிக்கும் நாடிக்கும் இடையில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் போகக்கூடாது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் தோலோடு சேர்ந்து ஆடவேண்டும், தனியாகச் சுற்றக்கூடாது. காதுக்கு மேலே நிற்கும் அரைச்சட்டி நாடியையும் முகத்தையும் காப்பாற்றாது, முகம் மூடியதை வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு நசிந்திருக்கும், அடுத்த அடியைத் தாங்காது. அதனால் பாவித்த ஹெல்மெட் வாங்கவே வேண்டாம்.

பின்னுக்கு இருப்பவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் வேண்டும். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று பிள்ளையை வெறுந்தலையோடு ஏற்றுகிறவர்களை ஒவ்வொரு நாளும் ஒழுங்கைகளில் காண்கிறேன், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு போக முடிவதில்லை. பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெட் ரவுணில் கிடைக்கிறது, அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குக் கவிழ்ப்பது பிரயோசனமில்லை.

குடி பற்றி எழுதாமல் விடமுடியாது. இங்கே சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். பல நாடுகளில் 50. இரண்டு சில்லில் சமநிலை பிடித்து ஓடுகிறவருக்கு அந்த எல்லைக்குக் கீழேயும் கை பிந்தும், தூரம் பிழைக்கும். திருவிழாவோ கல்யாண வீடோ, குடித்தால் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள்.

விபத்தைக் கண்டால்: 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்தது. இன்னும் பலர் விழுந்தவரைக் கையிலும் காலிலும் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், நல்ல மனதோடுதான், ஆனால் கழுத்து எலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கைகால் இயங்காமல் போகலாம். மூச்சு விடுகிறார் என்றால் அசைக்காமல், ஹெல்மெட்டையும் இழுத்துக் கழற்றாமல், பின்னால் வரும் வாகனங்களை மறித்து நில்லுங்கள்.

அம்மாவின் போனுக்கு: வெளிக்கிடும்போது நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டு போனைப் பையின் அடியில் வையுங்கள். ஓடும்போது எடுக்கவேமாட்டேன் என்றும் சொல்லிவைத்தால் அவருக்கும் மனம் ஆறும்.

மல்லாகம் ஸ்கூட்டி:

நான் காங்கேசன்துறை வீதியால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வேலைக்குப் போகிறவள். இங்கே எல்லோரும் ஏ9 பற்றியே எழுதுகிறீர்கள், ஒழுங்கைக்குள் வேகம் பற்றி யாரும் எழுதவில்லை. குடிமனைக்குள் 50 என்றால் ஒழுங்கைக்கும் 50 என்று எடுத்துக்கொண்டு ரியூசன் முடிந்து வரும் பொடியன்கள் பறக்கிறார்கள். இரண்டு பக்கமும் மதில், முடக்கில் எதிரே வருகிறவர் தெரியமாட்டார், அங்கே 20, 25க்கு மேல் ஓடக் காரணமே இல்லை. ஹோர்ன் அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள், காது கேளாத கிழவியும் மூன்று வயதுப் பிள்ளையும் ஒழுங்கைக்குள் நடப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் றெயில் பாதை றோட்டுக்குப் பக்கத்திலேயே போகிறது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த வருசம் தைமாதம் காங்கேசன்துறைக்கும் றெயில் திரும்ப வந்ததிலிருந்து கடவைகளில் கவனம் வேண்டியிருக்கிறது. பெரிய வீதியிலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பின உடனேயே தண்டவாளம் வந்துவிடும், திரும்பின சரிவோடேயே அதில் ஏறினால் மழைநாளில் சில்லு சறுக்கும். சைக்கிளை நிமிர்த்தி, தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடக்கவேண்டும், அதன் மேல் பிரேக் பிடிக்கக்கூடாது. காவலாளி இல்லாத கடவை என்றால் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள், காதில் இயர்போனோடு போகாதீர்கள். றெயில் தூரத்தில் மெதுவாக வருவது போலத்தான் தெரியும்.

பெண்களுக்கு ஒரு சொல்: பஞ்சாபியின் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றித் தொங்கவிட்டுக்கொண்டு ஓடவேண்டாம், சில்லுக்குள் போனால் கழுத்தைத்தான் இழுக்கும். முடிந்து ஜக்கெற்றுக்குள் விடுங்கள். பிள்ளையை ஸ்கூட்டியில் முன்னுக்கு நிற்கவைக்காதீர்கள், பிரேக் பிடித்தால் அதன் முகம்தான் கைபிடியில் அடிக்கும்.

பளைத் தென்னந்தோப்பு:

மீசாலைத் தம்பியின் இரவுக் கேள்விக்கு ஒருவரும் நேரே பதில் சொல்லவில்லை. நான் பளை, இந்த வீதியை இரவும் பகலும் தெரியும்.

இரவில் பலகையில் இருக்கும் இலக்கத்தைப் பார்க்காதீர், லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறது என்று பாரும். வீட்டுக்குப் பக்கத்தில் இருட்டான இடத்தில் சைக்கிளை நிறுத்தி, லைட்டை டிம்மில் போட்டு, தம்பியையோ சிநேகிதனையோ கறுப்புச் சட்டையோடு முன்னால் நடக்கச் சொல்லும். ஆள் தெரியாமல் போகும் இடம் வரைக்கும் எட்டுகளை (காலடிகளை) எண்ணும். ஒரு எட்டு முக்கால் மீற்றர் என்று வைத்தால் 40 எட்டு 30 மீற்றர்தான். மாஸ்ரரின் கணக்குப்படி அது 50இல் வருகிறவர் நிற்கும் தூரம், அதுவும் காய்ந்த றோட்டில், எதிரே லைட் அடிக்காமல் இருந்தால். ஆகவே உம்முடைய லைட் அவ்வளவுதான் காட்டும் என்றால் வெளியிலும் இரவு 50தான் உம்முடைய எல்லை, மழை என்றால் அதிலும் குறைவு. லைட் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் தேய்த்தெடுக்கலாம், லைட் மேலே பார்த்தால் கீழே இறக்கலாம், இரண்டும் கராஜில் அரைமணி நேர வேலை.

கொடிகாமத்துக்கு அங்கால் கட்டாக்காலி மாடுகள். மாரியில் புல்லு நனைந்து கிடக்கும்போது காய்ந்த தாரைத் தேடி வந்து நடுறோட்டில் படுக்கும், அதன் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, கண் மட்டும்தான் மின்னும், அதுவும் எங்களைப் பார்த்தால்தான். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே எடுத்துக்கொள்ளும். மாட்டுக்கு முன்னால் வெட்டாதீர், அது முன்னுக்குத்தான் நடக்கும், வேகத்தைக் குறைத்துப் பின்பக்கத்தால் போம். அறுவடைக் காலத்தில் லைட் இல்லாத லான்ட்மாஸ்ரரும் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), கிளிநொச்சிப் பக்கம் றோட்டோரத்தில் காயப்போட்ட நெல்லும் இருக்கும். நெல்லில் சில்லு ஏறினால் பிரேக் பிடிக்காமல் நேராக ஓடி வெளியேறவேண்டும். எதிரே டிப்பர் பெரிய லைட்டோடு வந்தால் அதைப் பாராமல் இடப்பக்கக் கரைக் கோட்டைப் பாரும், வேகத்தைக் குறையும், அந்தக் கண்கூசலுக்குப் பின்னால்தான் சைக்கிள்காரர் நிற்பார்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஆனையிறவு, நாவற்குழிப் பாலம், செம்மணி வெளி மூன்றிலும் பக்கக் காற்று. லொறியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் சைக்கிளை ஒரு முழம் தள்ளிவிடும், முந்துகிற நேரமாகப் பார்த்துத்தான் அது நடக்கும். காற்று நாட்களில் அங்கே முந்தாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, உம்முடைய பாதைக்கே உரியது. நீர் காலையில் மேற்கே போகிறீர், பின்னேரம் கிழக்கே வருகிறீர். இரண்டு தடவையும் வெயில் உம்முடைய முதுகில், உமக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் எதிரே வருகிறவர்களின் கண்ணில் நேராக வெயில். உம்மை அவர்கள் காணவில்லை என்று எடுத்துக்கொண்டே ஓடவேண்டும். பகலிலும் லைட்டைப் போட்டு ஓடும். குறிப்பாக, வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வாகனம் எதிரே நின்றால், அதன் முன்சில்லைப் பாரும், சாரதியின் முகத்தைப் பார்த்து அவர் கண்டுவிட்டார் என்று முடிவுக்கு வரவேண்டாம்.

எஃப்ஸீக்காரன்:

பளை அண்ணை சொன்ன வெயில் விஷயம் நான் யோசித்ததே இல்லை. உண்மை. ரவுணுக்குள்ளும் குடிமனைக்குள்ளும் 50 என்பதை நான் ஏற்கிறேன், வெளியில் பகலில் 70 வரை ஓட்டத்தோடு போகலாம் என்பதில் இன்னும் நிற்கிறேன். மாஸ்ரரும் அதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

எல்போர்ட் மாஸ்ரர்:

ஓம், பார்வை எட்டினால். எட்டாத இடத்தில் 70 பலகை இருந்தாலும் இல்லை. முன்னால் போகும் வாகனத்துக்கும் உமக்கும் இடையில் இரண்டு செக்கன் விடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளும். அது ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று சொல்லிப் பாரும், சொல்லி முடிக்குமுன் நீர் கம்பத்தை அடைந்தால் கிட்டப் போய்விட்டீர். மழையில் நாலு செக்கன். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையில் இன்னும் கூட விடும், றோட்டில் படிந்த ஒயிலும் புழுதியும் அப்போதுதான் மிதக்கும்.

மீசாலையான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு தம்பியை நடக்கவைத்துப் பார்த்தேன், லைட் நினைத்ததைவிடக் கிட்டவே முடிகிறது. ரயரையும் பார்த்தேன், பின்சில்லில் 1416 என்று இருக்கிறது, முன்சில்லில் 0818. பூ இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் மட்டும் மாற்றினால் போதுமா, கராஜ் அண்ணை?

கராஜ் வேலை:

இல்லைத் தம்பி, இரண்டையும் மாற்றுங்கள். காசு ஒரேயடியாக இல்லையென்றால் முன்சில்லை முதலில் மாற்றுங்கள், நிற்பாட்டுவதும் திருப்புவதும் அதுதான், பின்சில்லை அடுத்த சம்பளத்தோடு மாற்றலாம், அதுவரைக்கும் மழைக்குள் ஓடவேண்டாம். புது ரயரின் மேலே மெழுகுபோல ஒரு வழுவழுப்பு இருக்கும், முதல் 100, 150 கிலோமீற்றருக்கு முடக்குகளில் சரிக்காமல், பிரேக்கையும் மெல்லப் பிடித்து ஓடுங்கள்.